வீட்டுப் பெரியவர் நாட்டு மருந்தை நாடும்போது: காரணம் கேட்டுத் துணைநிற்க ஒரு வழிகாட்டி

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை ஆகிய பகுதிகளில் பல வீடுகளின் மருந்துப் பெட்டியில், அரசு மருத்துவமனையில் வாங்கிய சர்க்கரை மாத்திரைக்குப் பக்கத்திலேயே ஒரு சூரணப் பொட்டலமும், மூட்டுவலித் தைலமும், தர்காவிலிருந்து ஓதி வாங்கிவந்த தண்ணீரும் இருக்கும். நான்கும் ஒரே மனிதருடைய உடலுக்கானவை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்படி ஒதுக்கும் வீடுகளில் பெரியவர்கள் மருந்தை நிறுத்துவதற்குப் பதிலாக மறைத்து உண்ணத் தொடங்குகிறார்கள். நாம் அஞ்சவேண்டியது அந்த மறைவைத்தான். வீட்டில் ஒருவர் சித்த மருத்துவத்தையோ, நாட்டு வைத்தியத்தையோ, வேறு எந்த முறையையோ நாடும்போது மகனோ மகளோ மருமகளோ என்ன செய்யலாம் என்பதை, முடிந்தவரை நடைமுறைக்கு ஏற்ப, இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் காரணத்தைக் கேளுங்கள்

"இதையெல்லாம் ஏன் குடிக்கிறாய்?" என்பது கேள்வியின் வடிவில் வரும் கண்டனம். அதற்கு உண்மையான பதில் கிடைக்காது. "ஆயா, இதக் குடிச்சா உனக்கு என்ன நல்லா இருக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கால் எரிச்சல் குறைகிறது, இரவில் தூக்கம் வருகிறது, மாத்திரை போட்டால் வயிறு புரட்டுகிறது, டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானது என்று ஏதாவது ஒன்று வெளிவரும். அந்தப் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்யவேண்டியது வேறுவேறு. ஆகவே காரணம் தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் பாதி முடிவே.

வேறு மருத்துவத்தை நாடுவோர் அனைவரும் ஆங்கில மருத்துவத்தின்மேல் வெறுப்புற்றவர்கள் என்ற எண்ணமும் சரியன்று. அமெரிக்காவில் இதைப் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வழக்கமான மருத்துவத்தின்மீதுள்ள அதிருப்தி மக்களை வேறு முறைகளுக்குத் தள்ளவில்லை என்றும், உடல், வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே கொண்டிருந்த நம்பிக்கைகளோடு அம்முறைகள் ஒத்துப்போவதே பெரிய காரணம் என்றும் கண்டது. மாற்று முறைகளையே முதன்மையாக நம்பியிருந்தவர்கள் அந்த ஆய்வில் 4.4 விழுக்காட்டினர் மட்டுமே. மாற்று முறைகளைப் பயன்படுத்திய மற்றவர்களில் பெரும்பாலோர் வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்தே அவற்றைப் பயன்படுத்தினார்கள். அந்த நாட்டில் இம்முறைகள் வெளியிலிருந்து வந்த புதுமைகள். நமக்கோ சூடு, குளிர்ச்சி, பத்தியம், வாயு என்ற சொற்களில்தான் சிறு வயதிலிருந்தே உடம்பைப் பற்றிப் பேசப் பழக்கம். கடலுக்குப் போய்வந்த உடம்புக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தே வளர்ந்த ஒரு தாய், அதை மாற்று மருத்துவம் என்று ஒருபோதும் நினைக்கமாட்டார். தம் சமையலறையின் தொடர்ச்சியாகவே அதை அவர் கருதுகிறார்.

நாள்பட்ட வலி

வடசென்னையில் வேறு மருத்துவத்தை நோக்கி மக்களை நடத்திச் செல்லும் காரணங்களில் வலிக்கே முதலிடம் தருவேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்த முதுகு, வலை இழுத்த தோள், மார்க்கெட்டில் காலை முழுதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் விற்ற முழங்கால் ஆகியவற்றின் தேய்மானத்தை முழுமையாக மாற்றும் மாத்திரை ஆங்கில மருத்துவத்தில் இல்லை. கிடைப்பது வலி நிவாரணி. அதை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் கிட்னி போய்விடும் என்ற அச்சம் தெருவெங்கும் இருக்கிறது, அந்த அச்சத்துக்கு அடிப்படையும் இருக்கிறது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகத்தில் பாதிப்பும் வரக்கூடும்.

இந்த இடத்தில், பயிற்சி பெற்ற சித்த மருத்துவரிடம் தொக்கணம் (உடலைப் பிடித்து நீவுதல்), ஒற்றடம், வர்ம சிகிச்சை (வர்மப் புள்ளிகளைத் தொட்டு அழுத்தும் முறை) ஆகியவற்றுக்குப் போவதையும், வெளிப்பூச்சாகத் தைலம் தேய்ப்பதையும் நான் தடுக்கமாட்டேன். எண்ணெய் தேய்த்து நீவுவதில் ஆபத்து குறைவு, இதமும் கிடைக்கிறது. அத்துடன் பிசியோதெரபி பிரிவில் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைக் கற்றுவந்து நாள்தோறும் செய்தால், முழங்கால் வலிக்கு அது உண்மையாகவே உதவும். ஆனால் முதுகுவலியோடு கால் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், காய்ச்சல், காரணமில்லாத உடல் மெலிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நீவுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வலிக்கென்று உள்ளுக்குச் சாப்பிடும் பெயரில்லாத பொடி வேறு கதை. "இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது" என்று உங்கள் அம்மா மகிழ்ந்து சொன்னால், அங்கேயே ஒரு சந்தேகம் எழவேண்டும். மூலிகை என்று விற்கப்படும் மூட்டுவலி, ஆஸ்துமா பொடிகளில், வலியையும் வீக்கத்தையும் விரைவில் அடக்கும் வலுவான ஆங்கில மருந்தான ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. முகம் உப்பி வட்டமாவது, சர்க்கரை அளவு திடீரென ஏறுவது, தோலில் சின்ன அடிக்கே கன்றிப்போவது ஆகியவை அதன் அடையாளங்கள். இப்படிப்பட்ட பொடியைப் பல வாரங்களாக உண்டவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானே சுரக்கவேண்டிய ஸ்டீராய்டு குறைந்திருக்கும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில்தான் படிப்படியாக நிறுத்தவேண்டும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதபோது

இது எளிதில் தீரக்கூடிய காரணம். ஆனால் யாரும் கேட்பதில்லை. எனலாப்ரில் என்னும் பிரஷர் மாத்திரை சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். இருமலுக்கு ஆடாதொடை, அதிமதுரம் என்று தொடங்கி, பிறகு பிரஷர் மாத்திரையையே விட்டுவிடுபவர்கள் உண்டு. மருத்துவரிடம் "இந்த மாத்திரை தொடங்கியதிலிருந்து இருமல்" என்று ஒரு வரி சொன்னால் வேறு வகை மாத்திரை எழுதித்தருவார், இருமலும் நின்றுவிடும். மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரை வயிற்றைப் புரட்டினால் உணவோடு சேர்த்து எடுப்பதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் வழி. அம்லோடிபின் என்னும் பிரஷர் மாத்திரை கணுக்காலில் வீக்கம் தரலாம், அதற்கும் மாற்று உண்டு. வீட்டுப் பெரியவர் எந்த மாத்திரையை விட்டார், எந்தத் தொல்லை வந்து விட்டார் என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால், நெரிசலான புறநோயாளிப் பிரிவிலும் இது இரண்டு நிமிடத்தில் தீரும்.

அந்த இரண்டு நிமிடம் என்பதே பலருக்கு உண்மையான குறை. ஓ.பி. சீட்டு வாங்கி அரை நாள் நின்றவருக்கு மருத்துவர் தரக்கூடிய நேரம் மிகக் குறைவு. நாடி பிடித்துப் பார்த்து, பசி எப்படி, மலம் எப்படி, கனவு வருகிறதா என்று கேட்கும் வைத்தியரிடம் அவர் மனிதராக உணர்கிறார். மருத்துவமனைக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் முதன்மையான குறையை முதலில் சொல்லுங்கள், மற்றவற்றைத் தாளில் காட்டுங்கள். மருந்து தீர்ந்ததும் போய் வாங்கவேண்டும் என்ற சலிப்புதான் காரணம் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம்.

தானே தீரும் நோய்கள்

குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலக்கும் தெருக்களில் மஞ்சள் காமாலை பரவும். உடனே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள், சில வாரங்களில் கண் வெளுத்துவிடும், கீழாநெல்லிக்குப் பெயர் கிடைக்கும். அசுத்த நீரால் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலோருக்கு ஓய்விலும் உணவிலுமே சரியாகிவிடும் என்பது நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். நாட்டு மருந்தின் பெரும்புகழில் ஒரு பகுதி இப்படித் தானே தீரும் நோய்களிலிருந்து வந்தது. சளி, வைரஸ் காய்ச்சல், சிறிய சிறுநீரகக் கல் ஆகியவையும் இந்த வரிசையில் அடங்கும். இதைச் சொல்வது கீழாநெல்லியை இகழ்வதற்காக அன்று. மஞ்சள் காமாலை என்பது பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம் என்பதால் சொல்கிறேன். பித்தக்குழாய் அடைப்பிலும், ஹெப்படைட்டிஸ் பி தொற்றிலும், மருந்து நஞ்சாவதிலும் கண் மஞ்சளாகும். கீழாநெல்லி கொடுப்பதென்றாலும் ரத்தப் பரிசோதனை முதலில் நடக்கட்டும். நோயாளி உளறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, ஈறிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, அவர் கருவுற்ற பெண்ணாக இருந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது. ஹெப்படைட்டிஸ் இ தொற்று கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தானது.

டெங்குவுக்கும் இதுவே பொருந்தும். 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீரை வழங்கியது, 2020இல் கொரோனா நாட்களில் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக வந்தது, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் சித்த மருத்துவ கோவிட் மையமும் இயங்கியது. இவற்றால் மக்களுக்கு ஏற்பட்ட நம்பிக்கை இயல்பானது. குடிநீரைக் குடித்துக்கொண்டே ரத்தத் தட்டணுக்களையும் பார்த்துக்கொள்ளவேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாட்களே கவனம் தேவைப்படும் நாட்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், ரத்தக்கசிவு ஆகியவை தெரிந்தால் மருத்துவமனையே வழி.

எலும்பு முறிவும் புத்தூர்க் கட்டும்

ஆந்திராவின் புத்தூர் பெயரில் நடக்கும் கட்டு வைத்தியத்துக்கு நம் பகுதியிலிருந்து போகாத தெரு இல்லை. கூலிவேலை செய்பவருக்கு அறுவை சிகிச்சை என்றால் கத்தி, பிளேட், வாரக்கணக்கில் இழக்கும் வருமானம் எல்லாம் கண்முன் வரும். கட்டு வைத்தியம் மலிவு, விரைவு, கத்தி இல்லை. எலும்பு விலகாத எளிய முறிவு, அசையாமல் வைத்தால் தானே கூடும் என்பதால் பலருக்கு நன்றாகவும் ஆகிறது. ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் எது எளிய முறிவு என்று யாராலும் சொல்ல முடியாது. தோல் கிழிந்து எலும்பு தெரியும் முறிவு, மூட்டை ஒட்டிய முறிவு, குழந்தையின் முழங்கை முறிவு, முதியவரின் இடுப்பு முறிவு ஆகிய நான்குக்கும் கட்டு வேண்டவே வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்த முதியவருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் அவர் மீண்டும் நடக்கும் வாய்ப்பு கூடும். படுக்கையிலேயே கிடந்தால் நுரையீரல் தொற்றும் படுக்கைப் புண்ணும் வந்து சேரும்.

ஏற்கெனவே கட்டுப் போட்டுவிட்டார்கள் என்றால், முதல் இரண்டு நாள் விரல்களைக் கவனியுங்கள். விரல்கள் நீலமாகவோ வெளிறியோ சில்லென்றோ இருப்பது, மரத்துப்போவது, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரலை மெல்ல நிமிர்த்தினாலே துடிப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கட்டை அப்போதே வெட்டித் தளர்த்திவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும். இறுகிய கட்டுக்குள் ரத்த ஓட்டம் நின்றால் தசை சில மணி நேரத்திலேயே செத்துப்போகும், கையையோ காலையோ எடுக்கும் நிலை வரும். வைத்தியர் மனம் நோகுமே என்று தயங்கவேண்டாம்.

மருந்தையும் கொடுப்பவரையும் பார்க்கும் முறை

சித்த மருத்துவர் என்றால் ஐந்தரை ஆண்டு பி.எஸ்.எம்.எஸ். படிப்பு முடித்து, மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு எண்ணைக் கேட்பது அவமதிப்பு அன்று. அரும்பாக்கத்திலுள்ள அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனையிலும், தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் தகுதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் சித்தப் பிரிவு உண்டு. தொலைதூரத்து விளம்பரத்தை நம்புவதைவிட ஒரு பஸ் ஏறி அங்கே போவது மேல்.

கடையில் வாங்கும் மருந்தின் உறையில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், நிறுவன முகவரி, சேர்மானப் பட்டியல் ஆகியவை இருக்கவேண்டும். நஞ்சுச் சரக்குகள் சேர்ந்த உள்மருந்துகளில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உண்ணவேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்படவேண்டும் என்பது விதி. தமிழில் அச்சிடும் கட்டாயம் இல்லாததால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவருக்கு அந்த வரியை நீங்கள்தான் படித்துச் சொல்லவேண்டும். பாதரசம், ஈயம், ஆர்செனிக் கலந்த மருந்துகள் உண்மையிலேயே புழக்கத்தில் உள்ளன. 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் இவ்வகை உலோகங்கள் இருந்தன. விடாத வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தம் நோயாளிக்கென்று தாமே மருந்து தயாரித்துக் கொடுக்கும் வைத்தியருக்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை. அதனால் உறையில்லாத பொட்டலம் எல்லாமே சட்டமீறல் ஆகாது. ஆயினும் மருந்தின் பெயரையும் சேர்மானத்தையும் எழுதித்தரச் சொல்லி வாங்குங்கள், எழுதித்தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ வலிப்பையோ குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது என்பதால், அப்படி விளம்பரம் செய்பவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறிவிட்டார் என்று கொள்ளலாம்.

சேர்க்கும்போது இடிக்கும் இணைகள்

சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் கூடவே சிறுகுறிஞ்சான் பொடியும் பாகற்காய்ச் சாறும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்து மயங்கலாம். அதிமதுரத்தை நாள்கணக்கில் மென்றால் ரத்தக்கொதிப்பு ஏறும், பொட்டாசியம் குறையும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் பூண்டு, மஞ்சள் மாத்திரைகளைத் தொடங்கினால் ரத்தம் கசியலாம். அவர் முருங்கைக்கீரையைத் திடீரென நாள்தோறும் உண்டால் மருந்தின் வேலை குறையலாம். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு "கிட்னிக்கு நல்லது" என்று வாழைத்தண்டுச் சாறு கொடுப்பது எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். அதிலுள்ள பொட்டாசியத்தை அவர் உடலால் வெளியேற்ற முடியாமல், இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். சமையலில் சேரும் அளவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. சாறாகவும் பொடியாகவும் செறிவாக உண்பதே சிக்கல்.

ஒரு மருந்துக்குப் பதிலாக இன்னொன்று என்ற பேச்சே எழக்கூடாத நோய்களும் உண்டு. காசநோய் மாத்திரையை ஆறு மாதம் முடியும்முன் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோய் வரக்கூடும். வலிப்பு மாத்திரையையும் இன்சுலினையும் திடீரென நிறுத்தினால் உயிர் போகலாம். நாய் கடித்தால் மிளகாய்த்தூள், காபித்தூள், பச்சிலை எதையும் வைக்காமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்கவேண்டும். ரேபிஸ் அறிகுறி வந்தபின் காப்பாற்றும் மருந்து எந்த முறையிலும் இல்லை.

புற்றுநோயில் மனிதர்கள் வேறு வழி தேடுவது பெரும்பாலும் பயத்தால்தான். குணமாகக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தவர்களின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. மார்பகப் புற்றில் அது ஐந்து மடங்குக்கும் மேல். இந்த எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, கீமோ பற்றி அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேளுங்கள். முடி கொட்டுவதற்கா, செலவுக்கா, பிள்ளைகளைப் பிரிந்திருப்பதற்கா என்று தெரிந்தால் அதற்கு உதவலாம். மந்திரிப்பதையும் நேர்த்திக்கடனையும் தடுக்காதீர்கள். சிகிச்சை நாள் தவறாதவரை அவை அவருக்குத் துணை.

மருத்துவரிடம் சொல்வது

அமெரிக்காவில் 1990இல் எடுத்த கணக்கெடுப்பில், வேறு முறைகளைப் பயன்படுத்தியவர்களில் 72 விழுக்காட்டினர் அதைத் தம் மருத்துவரிடம் சொல்லவில்லை. திட்டு விழும் என்ற தயக்கம் இங்கேயும் இருப்பதை நாம் அறிவோம். அதனால் மருத்துவமனைக்குப் போகும் பையில் எல்லா மருந்தையும் போடுங்கள், பொடி, தைலம், லேகியம் உட்பட. "அம்மா இதையும் எடுக்கிறாங்க டாக்டர், மாத்திரைகூட சேர்ந்தா ஏதாவது ஆகுமா?" என்று நீங்களே கேட்டுவிட்டால் பெரியவர் கூசவேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து தருபவரிடம் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த மருத்துவர் கடிந்துகொண்டால் வேறு மருத்துவரைக் கேளுங்கள், அல்லது அரசின் மருத்துவ உதவி எண்ணான 104இல் கேளுங்கள். சித்த மருத்துவரிடமும் ஆங்கில மாத்திரைச் சீட்டைக் காட்டவேண்டும். இந்தப் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

புது மருந்து எதைத் தொடங்கினாலும் தொடங்கிய தேதியை நாள்காட்டியில் குறியுங்கள், ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்காதீர்கள். அரிப்பு, அடர்மஞ்சள் சிறுநீர், கால் வீக்கம், வாந்தி என்று ஏதேனும் வந்தால் புதிதாகத் தொடங்கியதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். மருந்தால் வந்த தீங்கை 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மீதமுள்ள மருந்தையும் அது வந்த உறையையோ பொட்டலத் தாளையோ எறியாமல் எடுத்து வையுங்கள், சோதனைக்கு அவை வேண்டியிருக்கும்.